சிகரெட் அட்டையும் ஹோனஸ் வாக்னரும்

பல பேர் கேட்டுவிட்டார்கள். இனி ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியாது, மொத்தமாக இங்கேயே எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கேள்வி இதுதான்: "ஏம்ப்பா, நீ பி.காம். படிச்சிட்டு பேங்க்ல குப்பை கொட்டற ஆளு. இருக்கறது கல்கத்தாவுல. கிரிக்கெட்டே ஒழுங்கா பாக்க மாட்டே. உனக்கு எதுக்கு நூறு வருஷத்துக்கு முந்தின அமெரிக்க பேஸ்பால் சிகரெட் அட்டை?"

நியாயமான கேள்விதான். தங்கமணியும் இதையேதான் கேட்கிறார், கொஞ்சம் வேற ராகத்தில் :-)

என்னிடம் இருப்பது மொத்தம் பதினான்கு அட்டைகள். ஒவ்வொன்றும் அகலத்தில் ஒன்றரை இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு, உயரத்தில் இரண்டரை இஞ்சுக்குக் கொஞ்சம் கூடுதல். அதாவது நம் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிசு, அவ்வளவுதான். எல்லாமே 1909க்கும் 1911க்கும் நடுவில் நியூயார்க்கில் அச்சானவை. முன்பக்கம் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரின் வண்ணப்படம், சுற்றிலும் வெள்ளை பார்டர், கீழே அவர் பெயரும் அணியின் ஊரும். பின்பக்கம் சிகரெட் விளம்பரம். சிகரெட் பாக்கெட்டுக்குள் இலவசமாக வைத்துக் கொடுத்தது இது. பாக்கெட் நசுங்காமல் விறைப்பாக இருக்கும், விளம்பரமும் ஆச்சு, அடுத்த அட்டைக்காக ஆள் மறுபடி அதே கடைக்கு வருவான். ஒரு கல்லில் மூணு மாங்காய்.

சேகரிப்பவர்கள் இந்த வரிசைக்கு வைத்திருக்கும் பெயர் டி206. கேட்டால் ஏதோ ஆர்.டி.ஓ. ஆபீஸ் படிவம் மாதிரி இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தவர் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், நல்ல மனிதர். மொத்தம் 524 அட்டைகள் என்பது பொதுவான கணக்கு. பின்பக்க விளம்பரத்தில் 16 பிராண்டுகள். பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல் இரண்டும் எக்கச்சக்கமாகக் கிடைக்கும். போலார் பேர், ஓல்ட் மில், டால்ஸ்டாய், இப்படிப் போகும் பட்டியலில் ஒரு பிராண்டின் பெயர் என்ன தெரியுமா? 'ஹிந்து'! நம் ஊர்க் காபிக்குப் பக்கத்தில் இருக்கும் பேப்பர் இல்லை, சிகரெட். கீழை நாட்டுப் பெயர் வைத்தால் புகையிலைக்கு ஒரு கவர்ச்சி வரும் என்று அந்தக் காலத்து வியாபாரக் கணக்கு. ஹிந்து முதுகு உள்ள அட்டை அரிது, அதனால் விலை கூட. என்னிடம் இல்லை.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், அக்கா பையன் நியூஜெர்சியில் இருக்கிறான். 2014 டிசம்பரில் லீவுக்கு வந்தபோது ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை நீட்டினான். "மாமா, சின்ன வயசுல நீங்க சிகரெட் அட்டை சேத்து வெச்சிருந்தீங்கன்னு அம்மா சொல்லிண்டே இருப்பா. இது அமெரிக்கச் சிகரெட் அட்டை. விளையாடுங்க!" என்றான்.

கிண்டலுக்குத்தான் கொடுத்தான். நான் சீரியஸாக எடுத்துக்கொண்டுவிட்டேன்.

*

எண்பதுகளில் தமிழ்நாட்டில் சின்னப் பையனாக இருந்தவர்களுக்குச் சிகரெட் அட்டை பற்றி விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: காலிப் பாக்கெட்டின் முன்பக்கத்தைக் கிழித்து எடுத்தால் அட்டை. தரையில் ஒரு வட்டம் போட்டு, ஆளுக்கு இத்தனை என்று அட்டைகளை நடுவில் அடுக்கி, தூரத்தில் கோடு கிழித்து, தட்டையான கல்லை வீசி வட்டத்துக்கு வெளியே தள்ளுகிற அட்டையெல்லாம் தள்ளினவனுக்கு. ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒரு மதிப்பு. கண்ட இடத்தில் கிடைக்கிற பாக்கெட்டுக்கு அடிமாட்டு விலை. வெளிநாட்டுப் பாக்கெட் எவன் வீட்டுக்காவது வந்தால் அவன் அன்றைக்கு ராஜா. எங்கள் தெருவில் ஒரு ரேட், அடுத்த தெருவில் வேறு ரேட். ரிசர்வ் வங்கி இல்லாத கரன்சி. நான் பின்னாளில் பேங்க் உத்தியோகத்துக்கு வந்ததற்கு இதுகூட ஒரு காரணமாக இருக்கலாம், ஹி ஹி.

அட்டை எங்கே கிடைக்கும்? பெட்டிக்கடை வாசல், பஸ் ஸ்டாண்டு, சினிமா கொட்டகைக்கு வெளியே. புகைத்துக்கொண்டிருப்பவர் பக்கத்தில் போய் நின்றால் போதும், அவருக்கே புரியும். அக்கா பையன் கொடுத்த அட்டையைப் பற்றிப் படிக்கப் போனபோது முதலில் கண்ணில் பட்டதே இதுதான். 1909இல் அமெரிக்க நகரங்களில் பையன்கள் சுருட்டுக் கடை வாசலில் காத்திருப்பார்களாம். வெளியே வருகிற ஆண்களிடம் "சார், அந்த அட்டை வேணுமா உங்களுக்கு?" என்று கேட்பார்களாம். அட, நம்மாள்!

அவர்களுக்கு அது வெறும் அட்டை இல்லை. ரேடியோ இல்லை, டிவி இல்லை. தன் ஊருக்கு வெளியே ஆடுகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு பையனுக்கு வண்ணத்தில் தெரிந்தது இதில்தான்.

*

ஆட்டம் பற்றி ரெண்டு வார்த்தை. நமக்குத் தெரிந்த பேஸ்பால் என்றால், மட்டையைச் சுழற்றி ஓங்கி அடிப்பார், பந்து கேலரிக்குள் போய் விழும், ஹோம்ரன். கிட்டத்தட்ட சிக்ஸர். ஆனால் இந்த அட்டைகளின் காலத்தில், அதாவது சுமார் 1900லிருந்து 1919 வரை, ஆட்டம் அப்படி இல்லை. 'டெட்பால்' காலம் என்பார்கள், செத்த பந்து. பந்து பறக்காது. ஒரே பந்தை ஆட்டம் முழுக்க வைத்துக்கொண்டு இழுப்பார்கள், அழுக்கேறிக் கறுத்து மெத்துமெத்தென்று ஆகிவிடும். பந்து வீசுபவர் அதில் எச்சில் தடவலாம், அப்போது அது விதிக்கு உட்பட்டதே! 1908இல் சிகாகோ வைட் சாக்ஸ் அணி முழு சீசனிலும் சேர்த்து அடித்த ஹோம்ரன் எத்தனை தெரியுமா? மூன்று. 1911இல் அமெரிக்கன் லீகில் அதிக ஹோம்ரன் அடித்த ஃபிராங்க் பேக்கர் அடித்தது 11. அவரைத்தான் 'ஹோம்ரன் பேக்கர்' என்று அழைத்தார்கள். 1920இல் எச்சில் பந்துக்குத் தடை வந்தது. அதே வருடம் ரே சாப்மன் என்ற ஆட்டக்காரர் தலையில் பந்து பட்டு இறந்தார், அதன் பிறகு அழுக்குப் பந்தை உடனுக்குடன் மாற்ற ஆரம்பித்தார்கள். அதே 1920இல் பேப் ரூத் 54 ஹோம்ரன் அடித்தார். செத்த பந்து உயிர் பெற்றது, பழைய ஆட்டம் செத்தது.

அந்தப் பழைய ஆட்டம் எனக்குப் பிடிக்கிறது. ஒவ்வொரு ரன்னையும் சில்லறை பொறுக்குவது மாதிரி சேர்க்க வேண்டும். லேசாகத் தட்டிவிட்டு ஓடுவது, அடுத்த தளத்தைத் திருடுவது, எதிராளியைக் குழப்புவது. ஜெர்மனி ஷேஃபர் என்று ஒருவர், டி206 வரிசையில் இருக்கிறார். 1911இல் இரண்டாம் தளத்தில் நின்றுகொண்டிருந்தவர் எதிரணியைக் குழப்புவதற்காகப் பின்னாடி ஓடி முதல் தளத்தைத் 'திருடினார்'! என்னிடம் அவர் அட்டை இருக்கிறது. ஒரு மூலை இல்லை. பரவாயில்லை.

என்னிடம் இருப்பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபிரெட் மெர்க்கிள். 1908 செப்டம்பர் 23, நியூயார்க் ஜயன்ட்ஸுக்கும் சிகாகோ கப்ஸுக்கும் ஆட்டம். மெர்க்கிளுக்கு வயது 19. கடைசிக் கட்டத்தில் இவர் முதல் தளத்தில் நிற்கிறார், அடுத்தவர் அடித்த அடியில் வெற்றி ரன் வந்துவிட்டது, கூட்டம் மைதானத்துக்குள் பாய்கிறது. மெர்க்கிள் இரண்டாம் தளத்தைத் தொடாமலே உள்ளே ஓடிவிட்டார். அப்போதெல்லாம் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் விதிப்படி தொட்டாக வேண்டும். கப்ஸ்காரர் ஒரு பந்தைத் தேடிப்பிடித்து இரண்டாம் தளத்தை மிதித்து அவுட் கேட்டார், நடுவர் கொடுத்தார். வெற்றி சமனாகிப்போய், மறுபடி ஆடி, கப்ஸ் ஜெயித்து, அந்த வருடச் சாம்பியனும் ஆனார்கள். மெர்க்கிளுக்கு ஆயுசுக்கும் 'மண்டூகம்' என்ற அர்த்தத்தில் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

பேங்கில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கதை வயிற்றைப் பிசையும். வழக்கம் ஒன்று, சர்க்குலர் ஒன்று. வழக்கப்படி இருபது வருடம் வேலை ஓடும். ஒருநாள் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் சர்க்குலரை எடுத்து நீட்டுவார். அப்போது பக்கத்து மேஜையில் யார் இருக்கிறாரோ அவர்தான் மெர்க்கிள்.

*

இப்போது கல்கத்தாவுக்கு வருவோம். உண்மையாகவே ஒரு தொடர்பு இருக்கிறது, நான் இழுத்து ஒட்டவைக்கவில்லை.

இந்த அட்டைகளை வெளியிட்டது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. ஜேம்ஸ் ட்யூக் என்பவர் சிகரெட் சுற்றும் எந்திரத்தை வைத்துப் போட்டியாளர்களை ஒவ்வொருவராக வளைத்துப்போட்டு 1890இல் உண்டாக்கிய கூட்டு. 1902இல் இங்கிலாந்தின் இம்பீரியல் டொபாக்கோவும் இவர்களும் சண்டையை நிறுத்திக்கொண்டு, வெளிநாட்டு வியாபாரத்துக்காக பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ என்ற கம்பெனியைச் சேர்ந்து ஆரம்பித்தார்கள். அந்த வம்சத்தில் 1910 ஆகஸ்ட் 24 அன்று கல்கத்தாவில் பதிவானதுதான் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா. ராதாபஜார் சந்தில் வாடகை ஆபீஸ். இன்றைக்கு ஐ.டி.சி. சௌரிங்கியில் வர்ஜீனியா ஹவுஸ் என்று பெரிய கட்டடம், அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். என் மெர்க்கிள் அட்டை அச்சான அதே காலத்தில் அந்தச் சந்தில் கணக்குப் புத்தகம் திறந்திருக்கிறார்கள்.

1911 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ட்யூக்கின் கூட்டு சட்டவிரோத ஏகபோகம் என்று சொல்லிக் கலைக்க உத்தரவிட்டது. டி206 அட்டைகள் வருவதும் அந்த வருடத்தோடு சரி. ஒரு விளம்பர உத்தி மூன்று வருடம் ஓடி நின்றது. அந்த மூன்று வருடத்தில் இறைந்ததைத்தான் உலகம் இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறது.

*

நண்பர்கள் கேட்கும் அடுத்த கேள்வி: "எவ்வளவு வரும்?"

என் பதினான்கில் மலிவானது 38 டாலர். மடிப்பு விழுந்தது, மூலை மழுங்கியது, பெரிய பெயர் இல்லாத ஆட்டக்காரர். பையன் அங்கே வாங்கி வைத்துக்கொண்டு, வரும்போது கையோடு கொண்டுவருவான். கூரியர் போட்டால் சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஆனால் இதே வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்று ஒரு அட்டை இருக்கிறது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காரர், அந்தக் காலத்தின் உச்ச நட்சத்திரங்களில் ஒருவர். மற்றவர்களின் அட்டை ஆயிரக்கணக்கில் கிடைக்க, இவருடையது உலகத்தில் ஐம்பதிலிருந்து அறுபது வரைதான் இருக்கிறது என்கிறார்கள். 2022 ஆகஸ்டில் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அன்றைய ரேட்டில் சுமார் 57 கோடி ரூபாய். அதுவும் ஒன்றும் புத்தம்புதுசு இல்லை, 10க்கு 2 மார்க் வாங்கிய அட்டை!

இதைவிட வேடிக்கை, 2022 பிப்ரவரியில் பாதியாகக் கிழிந்த வாக்னர் ஒன்று ஏலத்துக்கு வந்தது. பாதிதான், மீதி இல்லை. போன விலை 15 லட்சம் டாலருக்கும் மேல். எங்கள் கவுண்டருக்குக் கிழிந்த நோட்டு வந்தால் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால், ஒரே துண்டாக 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம், 40லிருந்து 80 வரை என்றால் பாதி, அதற்கும் கீழே என்றால் கிடையாது. ஸ்கேல் வைத்து அளந்து கொடுத்த கை இது. அந்தக் கைக்குப் பாதி வாக்னரின் விலையைக் கேட்டதும் நடுங்கியது.

விலை ஏறினால் கூடவே வருவது என்ன? தில்லுமுல்லு. வாக்னர் அட்டைகளிலேயே ரொம்பப் பேர்போன ஒன்றை 1985இல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி 25,000 டாலருக்கு வாங்கினார், 1987இல் 1,10,000 டாலருக்கு விற்றார். 1991இல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வேய்ன் க்ரெட்ஸ்கி இன்னொருவரோடு கூட்டுச் சேர்ந்து அதை 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். பி.எஸ்.ஏ. என்ற தரம்பார்க்கும் கம்பெனி முதன்முதலில் மதிப்பெண் போட்டதே இந்த அட்டைக்குத்தான். 10க்கு 8. நடுவில் ஒரு கடைச் சங்கிலி அதைப் பரிசுப்போட்டியில் வைக்க, ஒரு தபால் ஊழியப் பெண்மணிக்கு விழுந்தது. வரி கட்ட வழியில்லாமல் அவர் 1996இல் ஏலத்தில் விற்றுவிட்டார், 6,41,500 டாலர். 2007இல் அது 28 லட்சம் டாலர். இத்தனை கைமாறிய பிறகு, 2013இல் மாஸ்ட்ரோ வேறொரு ஏல மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது கூடவே இதையும் ஒப்புக்கொண்டார்: அந்த அட்டையின் ஓரங்களை நான்தான் வெட்டிச் சீராக்கினேன் என்று. 2015இல் 20 மாதச் சிறைத்தண்டனை.

ஓரம் கூராக இருந்ததுதான் அதன் அழகு. அந்தக் கூர்மையே பொய்.

நகைக் கடன் பிரிவில் சில வருடம் உட்கார்ந்தவன் நான். அப்ரைசர் உரைகல்லில் தேய்த்து இத்தனை கேரட் என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டை நம்பித்தான் பணம் கொடுக்கிறோம், நகையை நம்பி இல்லை. வீட்டுக் கடனில் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, முப்பது வருடத்துக் கைமாற்றம் எல்லாம் பார்ப்பதும் இதற்குத்தான். எந்தக் காகிதத்துக்கும் சொந்தமாக மதிப்பு கிடையாது. எத்தனை கை தாண்டி வந்தது, ஒவ்வொரு கையும் யோக்கியமானதா என்பதுதான் மதிப்பு.

அதனாலேயே எனக்கு அடிபட்ட அட்டைகளைத்தான் பிடிக்கும். காசில்லாதவன் சமாதானம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அதிலும் பாதி உண்மைதான் :-) ஆனால் மழுங்கின மூலையை யாரும் மெனக்கெட்டுப் போலி செய்வது குறைவு. என் மெர்க்கிள் அட்டையின் குறுக்கே ஒரு மடிப்பு, மேலே ஒரு குண்டூசி ஓட்டை, பின்பக்கம் பீட்மான்ட் விளம்பரத்துக்கு ஓரத்தில் பென்சிலால் இரண்டு எழுத்துகள். ஏதோ ஒரு பையன் சுவரில் குத்தி வைத்திருக்கிறான், தன் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டிருக்கிறான், சட்டைப் பையில் மடித்துப் போட்டிருக்கிறான். அதுதான் என் வில்லங்கச் சான்று.

வாங்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு குறிப்பு. மறுபதிப்பு ஏராளம். ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். இப்போதைய அச்சில் படம் முழுக்க ஒரே சீரான வரிசையில் புள்ளிகள் தெரியும். பழைய லித்தோ அச்சில் அந்த ஒழுங்கு இருக்காது, கீழே இருக்கும் பெயர் எழுத்து புள்ளியில்லாமல் முழு மையாக இருக்கும். பளபளப்பாக இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். வாக்னர் யாராவது சல்லிசாகக் கொடுத்தால் ஓடியே விடுங்கள்.

*

சரி, வாக்னர் அட்டை ஏன் இவ்வளவு அரிது? அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால்தான்.

1912இல் 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' பத்திரிகையில் வந்த செய்தி இது. பிட்ஸ்பர்க்கில் ஜான் க்ரூபர் என்ற பத்திரிகைக்காரரிடம், வாக்னரின் சம்மதத்தை வாங்கித் தந்தால் 10 டாலர் தருகிறோம் என்று சிகரெட் கம்பெனி சொல்லியிருந்தது. வாக்னர் மறுத்துக் கடிதம் எழுதினார். தன் படம் சிகரெட்டோடு போக வேண்டாம் என்றார். தன்னால் க்ரூபருக்கு நஷ்டம் வரக்கூடாது என்று 10 டாலருக்கு ஒரு செக்கையும் கூடவே வைத்து அனுப்பினார். மனுஷர்!

ஏன் மறுத்தார் என்பதில் இரண்டு கட்சி. அட்டைக்கு ஆசைப்பட்டுச் சின்னப் பையன்கள் சிகரெட் பக்கம் போவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது ஒன்று. காசு பேரம் படியவில்லை, அவ்வளவுதான் என்பது இன்னொன்று. அவரே புகையிலை மெல்லுகிறவர், சுருட்டு விளம்பரத்தில் அவர் படம் வந்திருக்கிறது என்பது இரண்டாவது கட்சியின் வாதம். எனக்கு இதில் பெரிய முரண் தெரியவில்லை. தானே குடிக்கிற எத்தனை அப்பாக்கள் பிள்ளையைக் கடைக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார்கள். தன் பழக்கம் வேறு, அது பிள்ளைகளிடம் போக நாம் கருவியாக இருப்பது வேறு.

இதை நான் இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா சிகரெட் பிடிப்பார். பிராண்ட் பெயர் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், ஆபீஸில் ஆடிட் என்றால் ஒன்றரை. அவர் திண்ணையில் உட்கார்ந்து புகைக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், பாசத்தில் இல்லை. பாக்கெட்டில் இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணிக்கொண்டிருப்பேன். சாயந்திரம் ஆட்டம் ஆரம்பிப்பதற்குள் காலியாக வேண்டுமே! கடைசி ஒன்றை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் வெள்ளிப் பேப்பரை அக்காவுக்கு என்று தனியாக எடுத்துவிட்டு, "இந்தாடா" என்று அட்டையைக் கிழித்துக் கொடுப்பார். எனக்கு அது சந்தோஷம். எனக்குக் கொடுப்பதில் அவருக்கும் சந்தோஷம். சில நாள் நான் வாசலில் தயங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, "இரு, இன்னும் ஒண்ணுதான்" என்று சொல்லிச் சீக்கிரமே பற்றவைத்ததும் உண்டு.

ரிட்டையர் ஆன மறு வருடமே மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படி, பிறகு தெருமுனை, பிறகு கட்டிலிலிருந்து பாத்ரூம். நான் அப்போது வடக்கே ஒரு கிளையில். லீவு கிடைத்து ரயில் பிடித்து வந்து சேரும்போதெல்லாம் கட்டில் பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர். வெளியூரில் வேலை பார்க்கும் நம்மில் பல பேருக்கு இந்தக் காட்சி தெரியும், நோயின் பெயர் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். 2009இல் போனார். வயது 63.

அப்பாவின் பாக்கெட்டில் பரிசு அட்டை எதுவும் கிடையாது. எங்கள் அட்டை நாங்களாகக் கண்டுபிடித்த விளையாட்டு, எந்தக் கம்பெனியும் திட்டம் போட்டதில்லை. ஆனால் 1909இல் நியூயார்க்கில் அதைத் திட்டம் போட்டே செய்தார்கள். பாக்கெட் சீக்கிரம் காலியாக வேண்டும் என்று வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னப் பையன் காத்திருக்க வேண்டும். அவன் அப்பாவிடம் நச்சரிக்க வேண்டும். எந்த சேல்ஸ்மேனாலும் செய்ய முடியாத வேலை அது. திண்ணையில் உட்கார்ந்து எண்ணிய எனக்கு அது எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று தெரியும்.

பேங்கில் முதல் வருடமே எங்கள் மேனேஜர் ஒன்று சொல்லிக்கொடுத்தார். "இலவசம்னு எதுவும் கிடையாது தம்பி, எந்த அக்கவுண்ட்ல டெபிட் போட்டிருக்கான்னு பாரு." இந்த அட்டைகளும் இலவசம்தான். டெபிட் எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்திருக்கிறேன். "அப்பாவைக் கொண்டுபோனதோட விளம்பரத்தைப் போய்க் காசு குடுத்து வாங்கி வெச்சிருக்கியே?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள். பையன் ஆரம்பித்து வைத்த வினை, நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "அக்கா, எனக்குப் பின்பக்கம் வேண்டாம். அந்தப் பென்சில் எழுத்துக்காக வெச்சிருக்கேன். அதை எழுதின பையன் திண்ணையில என் பக்கத்துல உக்காந்திருந்தவன்" என்றேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வெள்ளிப் பேப்பர் ஒண்ணு ரெண்டு என் பழைய நோட்டுக்குள்ள இன்னும் இருக்கு" என்றாள்.

*

டி206 என்று பெயர் வைத்தவரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. அவர் பெயர் ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தில் சிரகியூஸ் என்ற ஊரில் மின்சாதனக் கம்பெனி ஒன்றில் உதிரிபாகம் பொருத்தும் தொழிலாளி. கல்யாணம் ஆகாதவர், மூட்டுவாதக்காரர். அமெரிக்காவில் அச்சான அத்தனை விளம்பர அட்டைகளையும் வகை பிரித்துப் பட்டியல் போட்டவர் அவர்தான். டி என்றால் இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை, 206 அதில் ஒரு வரிசை எண். இன்றும் உலகம் முழுக்க அவர் போட்ட எண்தான் புழக்கத்தில் இருக்கிறது.

அவரிடம் சேர்ந்தது 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள். விற்கவில்லை. 1947இலிருந்து நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்கு எல்லாவற்றையும் சும்மா கொடுத்தார். கொடுத்தது போதாதென்று, விரல் மடங்காத நிலையிலும் மியூசியத்தின் ஒரு மூலை மேஜையில் உட்கார்ந்து வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக ஆல்பத்தில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார். மார்ச்சில் காலமானார். அந்த ஆல்பங்களில் ஒரு வாக்னரும் இருக்கிறது. பசை போட்டு ஒட்டியது! இன்றைக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார்கள். ஆனால் அதை யாரும் ஓரம் வெட்டப் போவதில்லை, ஏலம் விடப் போவதில்லை. கோடிக்கணக்கில் கைமாறுகிற வாக்னர்களைவிட அந்த ஒட்டின வாக்னர்தான் எனக்குப் பெரிய பணக்காரராகத் தெரிகிறார்.

என் அட்டைகள் ஒரு ஆல்பத்தில் இருக்கின்றன, ஒரு தாளுக்கு ஒன்பது பை. முதல் தாளில் எட்டு, இரண்டாவதில் ஆறு. முதல் தாளில் நடுப்பையை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். பொண்ணு பார்த்துவிட்டு "இது யாருக்குப்பா?" என்றாள். வாக்னருக்கு என்றேன். "57 கோடிக்கு வாங்கப் போறியா?" என்று சிரித்தாள்.

இல்லம்மா. அந்த ஒருத்தர்தான் வரமாட்டேன்னு சொன்னவர். சொன்ன மாதிரியே வராமலே இருக்கட்டும்.

பி.கு.: ஊர்ப் பக்கம் போகும்போது பரணில் பழைய தீப்பெட்டிப் படமோ சிகரெட் அட்டையோ கிடைத்தால் பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். காசு ஒன்றும் பெரிதாக வராது. ஆனால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், யாராவது பெயர் எழுதியிருக்கலாம். அது நீங்களாகவே இருக்கலாம்.